அசாதாரணத் திறமைக்கு யார் சாட்சி?

நோபல் பரிசு வாங்கிய ஐன்ஸ்டீனே அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கு ஒருமுறை அமெரிக்காவை விட்டு வெளியே போய்வர வேண்டியிருந்தது. 1933இல் பிரின்ஸ்டனுக்கு வந்தவர் வருகையாளர் விசாவில்தான் இருந்தார். உள்ளே இருந்துகொண்டே அதை மாற்றிக்கொள்ள அன்றைக்கு வழி இல்லை. 1935 மே மாதம் குடும்பத்தோடு கப்பலேறி பெர்முடா தீவுக்குப் போய், அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். குடியுரிமை கிடைத்தது 1940இல்.

ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு விஷயமாக யாராவது எனக்குப் போன் செய்தால் முதலில் இந்தக் கதையைச் சொல்லி ஆற்றுப்படுத்துவேன். எங்கள் வட்டத்தில் ஒரு பையனோ பெண்ணோ போஸ்ட்டாக் முடிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டால் அந்தப் போன் நிச்சயம் வரும். "அண்ணே, சைட்டேஷன் முந்நூறு தாண்டிருச்சு. இபி-1ஏ போடலாமா, இல்ல என்ஐடபிள்யூவோட நிறுத்திக்கவா?" என்று ஆரம்பிக்கும். லாயர் கட்டணம், யாரிடம் கடிதம் கேட்பது, பிரீமியம் கட்டலாமா என்று கொஞ்ச நேரம் ஓடும். கடைசியில் குரல் இறங்கி, "நான் அந்த அளவுக்கெல்லாம் ஆளாண்ணே?" என்று வந்து நிற்கும்.

முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். கடைசிக் கேள்விக்கு நானும் பதில் சொல்ல முடியாது, மனுவைப் பார்க்கும் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் அதிகாரியும் சொல்ல முடியாது. அவர் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் நம் ஆட்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பைக் கொஞ்சம் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், நண்பர்களின் மனுக்களைப் படித்துக் கொடுப்பவன், அவ்வளவுதான்.

மூன்று வாசல்கள்

இன்றைக்கு இருக்கும் ஏற்பாடு மூத்த புஷ் 1990 நவம்பரில் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டத்திலிருந்து வருகிறது. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள் என்று அது வைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த எண் அப்படியே நிற்கிறது. மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான் அடக்கம். அதனால் பாதிக்கும் மேல் குடும்பத்தினருக்கே போய்விடுகிறது.

விஞ்ஞானிகள் நுழைவதற்கு இதில் மூன்று வாசல்கள். முதலாவது இபி-1ஏ, 'அசாதாரணத் திறமை' உள்ளவர்களுக்கு. வேலை கொடுப்பவர் யாரும் வேண்டாம், நமக்கு நாமே மனுப் போட்டுக்கொள்ளலாம். நோபல் மாதிரி ஒரே ஒரு பெரிய பரிசைக் காட்டலாம். அது இல்லாதவர்கள், அதாவது நாம் எல்லாரும், பத்து வகைச் சான்றுகளில் மூன்றையாவது காட்ட வேண்டும். பரிசுகள், சாதித்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் சங்கங்களில் உறுப்பினர் பதவி, நம்மைப் பற்றி வந்த செய்திகள், பிறர் வேலையை மதிப்பிட்ட அனுபவம், துறையை அசைத்த சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பெயர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம் என்று பட்டியல் போகும். மிச்சம் இரண்டு கலைக் கண்காட்சியும் மேடை, திரை வசூலும். அவை நமக்கில்லை. விஞ்ஞானிகள் பெரும்பாலும் கட்டுரை, பிறர் கட்டுரைகளை ரெவியூ செய்தது, சொந்தப் பங்களிப்பு என்ற மூன்றைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது இபி-1பி. மூன்று ஆண்டு அனுபவம், ஆறில் இரண்டு சான்று. ஆனால் பல்கலைக்கழகமோ கம்பெனியோ நிரந்தர வேலை தந்து, அவர்களே மனுப் போட வேண்டும். போஸ்ட்டாக்கை நிரந்தர வேலை என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அங்கேயே பாதிப் பேருக்குக் கதவு சாத்திவிடும்.

மூன்றாவது என்ஐடபிள்யூ, இபி-2 பிரிவுக்குள் இருக்கும் தேசநல விலக்கு. வழக்கமான இபி-2 என்றால், இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று கம்பெனி விளம்பரம் கொடுத்து நிரூபிக்கிற 'பெர்ம்' சடங்கு இருக்கிறது. நம் வேலையால் நாட்டுக்கு நன்மை என்று காட்டினால் அந்தச் சடங்கிலிருந்தும் முதலாளியிடமிருந்தும் விலக்கு.

ஒருவர் தோற்றார், ஒருவர் ஜெயித்தார்

விதிகளைவிட இரண்டு வழக்குகளைத் தெரிந்துகொண்டால் எல்லாம் விளங்கிவிடும். லாயர்கள் மூச்சுக்கு மூச்சு 'கஸாரியன்', 'தனசார்' என்பார்கள். இரண்டும் விஞ்ஞானிகளின் பெயர்.

போகோஸ் கஸாரியன் ஆர்மீனியாவில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கால்டெக்கில் கிப் தோர்ன் குழுவோடு வேலை செய்தார். கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பாடமும் எடுத்தார். இபி-1ஏ மனுவுக்கு தோர்னே கடிதம் கொடுத்திருந்தார். 2017இல் ஈர்ப்பு அலைகளுக்காக நோபல் வாங்கிய அதே தோர்ன்தான். மனு நிராகரிக்கப்பட்டது. வழக்கு ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2010 மார்ச்சில் அங்கேயும் தோற்றது.

தீர்ப்பில் ஒரு சுவாரசியம் உண்டு. கட்டுரைகளுக்கும் மதிப்பீட்டு வேலைக்கும் விதியில் இல்லாத நிபந்தனைகளை அதிகாரிகள் கூடுதலாக வைத்தது தவறு என்று நீதிமன்றம் அவர்களையும் குட்டியது. ஆனால் அந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு இரண்டுதான், மூன்று வரவில்லை. துறையில் பெரும் தாக்கம் ஏற்படுத்திய பங்களிப்பு என்பதற்கு, அவரை நன்கு அறிந்தவர்கள் பாராட்டி எழுதிய கடிதங்கள் மட்டும் போதாது என்று முடிந்துவிட்டது. இதற்குப் பிறகுதான் யுஎஸ்சிஐஎஸ் இரண்டு படிகளாகப் பார்க்க ஆரம்பித்தது. முதல் படியில் சான்றுகளை எண்ணுவார்கள். இரண்டாம் படியில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, இந்த ஆள் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா என்று பார்ப்பார்கள். மூன்று தேறிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் வழுக்கி விழுவது அந்த இரண்டாம் படியில்தான்.

தனசார் கதை வேறு. அவர் விமான, விண்வெளி உந்துவிசையில் ஆய்வு செய்தவர். வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வு செய்யவும் மாணவர்களுக்குக் கற்பிக்கவும் விரும்பி என்ஐடபிள்யூ போட்டார். முதலில் நிராகரித்தார்கள். அப்போது நடைமுறையில் இருந்தது 1998இல் நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பாலப் பொறியாளர் ஒருவர் வழக்கில் வகுத்த அளவுகோல். அதில் விளங்காத சிக்கல்கள் இருந்தன. தனசாரின் மேல்முறையீட்டை எடுத்துக்கொண்ட நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் 2016 டிசம்பரில் அந்தப் பழைய அளவுகோலையே தூக்கிப் போட்டுவிட்டு மூன்று கேள்விகளை வைத்தது. நீங்கள் எடுத்துக்கொண்ட முயற்சிக்குத் தகுதியும் தேசிய முக்கியத்துவமும் இருக்கிறதா? அதை முன்னெடுத்துப் போகிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா? வேலைவாய்ப்புக் கடிதம் வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பதால் அமெரிக்காவுக்கு மொத்தத்தில் லாபமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லி அவர் மனுவை ஏற்றுக்கொண்டார்கள்.

முதலில் வேண்டாம் என்று சொன்ன அதே கோப்பு, பிறகு நாடு முழுக்க முன்னுதாரணம் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அவருடைய அறிவியல் மாறவில்லை, கேட்ட கேள்வி மாறியது. நிராகரிப்புக் கடிதம் வந்து முகம் தொங்கிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

இந்த மனுக்களுக்கான சட்ட அளவு, உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பது. கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கே இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் சாட்சி யார் என்பது முக்கியம். கோர்ட்டில் வாதியின் மாமா சொல்லும் சாட்சிக்கு எவ்வளவு எடையோ, உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லும் புகழுரைக்கும் அவ்வளவுதான் எடை.

எடை உள்ள சாட்சி, உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வேலையை எடுத்துப் பயன்படுத்தியது. பயிர் நோய் ஆய்வில் இருக்கும் நண்பர் ஒருவர் எழுதிய முதல் வரைவு, அவர் எந்தெந்த இதழில் எழுதினார், தாக்க எண் எவ்வளவு என்று பல பக்கம் ஓடியது. அவர் உருவாக்கிய பரிசோதனை முறையை வேறொரு மாநில ஆய்வுக்கூடம் தன் வழக்கமான வேலையில் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த விஷயம் பின்னிணைப்பில் ஒரு வரியாகக் கிடந்தது. "இதை ஏன் இங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றேன். "அது அவங்க செஞ்சதுங்க, நான் செஞ்சதில்லையே" என்றார். அவங்க செய்ததுதான் வேண்டும். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கூடத்தின் பொறுப்பாளரிடமே கடிதம் கேட்டு வாங்கினார். அவர்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

சைட்டேஷனிலும் அப்படித்தான். மொத்த எண் எவ்வளவு என்பதைவிட, அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்பது பேசும். கணிதத்தில் ஐம்பது பெரிய எண், புற்றுநோய் ஆய்வில் அது ஒன்றுமில்லை. அதிகாரி இயற்பியல் படித்தவரா, இலக்கியம் படித்தவரா என்று நமக்குத் தெரியாது. ஒப்பீட்டை நாம்தான் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். உங்களைச் சுட்டியவர்களில் சிலர் "இந்த முறையைப் பின்பற்றினோம்" என்று எழுதியிருப்பார்கள், பலர் நாலு பேரோடு ஐந்தாவதாகப் பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். முதல் வகையைப் பொறுக்கி எடுத்து மஞ்சள் கோடு போட்டு வையுங்கள்.

கடிதங்கள் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் முதல் வரைவை மனுதாரரோ அவர் லாயரோ எழுதி அனுப்புவார்கள். கையெழுத்துப் போடுபவர் திருத்திக்கொள்வார். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் பெரிய வேதனை. தன்னைத்தானே "இவர் இத்துறையின் முன்னோடி" என்று படர்க்கையில் எழுதிக்கொள்ளச் சொன்னால் கை கூசும். ஒன்று, "குழுவோடு சேர்ந்து ஓரளவு பங்களித்தார்" என்று அடங்கிவிடுவார்கள். இல்லை என்றால் கல்யாணப் பத்திரிகை மாதிரி அடைமொழிகளை அடுக்கிவிடுவார்கள். இரண்டும் உதவாது. அடைமொழியை எல்லாம் எடுத்துவிட்டு, "2019 வரை இதை இப்படிச் செய்துகொண்டிருந்தோம், இவர் கட்டுரைக்குப் பிறகு இப்படி மாற்றினோம், அதனால் இன்னது மிச்சமானது" என்று கடிதம் தருபவரின் அனுபவமாக எழுதினால் கூச்சத்துக்கும் வேலை இல்லை. ஐந்து கடிதத்திலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அதிகாரி கண்டுபிடித்துவிடுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

உறுப்பினர் பதவியிலும் ஒரு தெளிவு வேண்டும். சந்தா கட்டினால் சேரக்கூடிய சங்கம் செல்லாது. ஐஇஇஇ அமைப்பில் 'ஃபெலோ' நிலையை யுஎஸ்சிஐஎஸ் கையேடே உதாரணமாகச் சொல்கிறது. சாதாரண உறுப்பினர் அட்டையை வைத்து எதுவும் ஆகாது.

விலைக்கு வரும் சாதனை

இந்த இடத்தில்தான் ஒரு சந்தை முளைத்திருக்கிறது. "புரொஃபைல் பில்டிங்" என்று வாட்சப்பில் செய்தி வரும். பணம் கட்டினால் பரிசு, பணம் கட்டினால் நடுவர் பதவி, பணம் கட்டினால் ஏதோ ஒரு தளத்தில் பேட்டி, இன்னும் கொஞ்சம் கட்டினால் கட்டுரையில் பெயர். ஆய்வுக்கே சம்பந்தமில்லாதவர்கள்கூட ஆறு மாதத்தில் 'அசாதாரணம்' ஆகிவிடலாம் என்கிறார்கள். நேர்மை ஒருபக்கம் இருக்கட்டும், காரியக் கணக்காகப் பார்த்தாலும் இது பைத்தியக்காரத்தனம். மோசடி என்று கோப்பில் பதிவானால் பிறகு எந்த விசாவுக்குப் போனாலும் அது கூடவே வரும். இன்னொரு பாதிப்பு நேர்மையான ஆட்களுக்கு. அதிகாரிகள் எல்லாப் பரிசையும் சந்தேகத்தோடு புரட்டுகிறார்கள். உண்மையாகவே ரெவியூ செய்த பையன், இதழாசிரியர் அழைத்த மின்னஞ்சலையும் முடித்துக் கொடுத்த அத்தாட்சியையும் தேடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இப்போதே எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

சாதனைக்கு விலை வைப்பதில் அரசாங்கமும் சளைத்ததல்ல. 2025 செப்டம்பரில் அறிவித்த 'கோல்டு கார்டு' திட்டத்தில், தனி நபர் பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தால் அந்த நன்கொடையே தொழில்துறையில் அசாதாரணத் திறமைக்கும் தேசத்துக்குப் பயன் என்பதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். இபி-1, இபி-2 என்ற அதே பிரிவுகளுக்குள்தான் அதுவும் வருகிறது. இதைப் படித்த பிறகும், 'அசாதாரணம்' என்று முத்திரை குத்திய தாளை வைத்து உங்கள் ஆய்வின் தரத்தை எடை போடுவீர்களா?

எங்கே பிறந்தீர்கள்?

சரி, மனு பாஸாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்ட்டி கொடுக்கிறோம். மறுநாள், யாருக்கு முறை வந்தது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினைத் திறந்தால் அங்கே கேள்வியே வேறு.

எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். இபி-2க்கு ஆண்டுக்கு சுமார் 40,000 என்றால், அதில் ஒரு நாட்டின் பங்கு சுமார் 2,800. ஐஸ்லாந்துக்கும் அதே, இந்தியாவுக்கும் அதே. மற்ற நாட்டினர் விட்டுவைத்த மிச்சம் கிடைத்தால் வரிசை நகரும், இல்லாவிட்டால் நின்றுவிடும். 2025இன் பெரும்பகுதியில் இந்தியாவுக்கான இபி-2 தேதி, அதாவது எந்த நாள் வரை மனுப் போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்பது, 2012க்கும் 2013க்கும் இடையில் தவழ்ந்துகொண்டிருந்தது. இபி-1 தேதி 2022 பிப்ரவரியில் நின்றது. முன்னால் மட்டும்தான் நகரும் என்றும் இல்லை. கொரோனாவால் குடும்ப விசாக்கள் மிஞ்சி, அவை வேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததால் 2022 செப்டம்பரில் இபி-2 தேதி 2014 டிசம்பர் வரை வந்திருந்தது. அடுத்த மாதமே 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. அதற்குள் மருத்துவச் சான்றிதழ் கையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள், ஊருக்குப் போயிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இங்கே கவனியுங்கள், கணக்கு குடியுரிமையை வைத்து இல்லை, பிறந்த நாட்டை வைத்து. ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு தமிழர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இன்னொருவர் திருச்சியில் பிறந்தவர். சைட்டேஷன் ஒன்றாகவே இருக்கட்டும். முன்னவருக்கு இபி-1 வரிசையே இல்லை. பின்னவர் காத்திருக்க வேண்டும். திருச்சிக்காரர் கனடா குடியுரிமை வாங்கிக்கொண்டு வந்தாலும் இந்திய வரிசைதான்.

இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. அப்பாவுக்கு துபாயில் வேலை, குடும்பமும் அங்கேதான். மூத்த மகன் அங்கேயே பிறந்தான். இரண்டாவதுக்கு அம்மா தாய்வீட்டுக்கு வந்து திருச்சியில் பெற்றுக்கொண்டு, குழந்தைக்கு மூன்று மாதமானதும் திரும்பிவிட்டார். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே பாஸ்போர்ட் வைத்து, ஒரே பல்கலைக்கழகத்தில் பிஎச்டி முடித்தாலும் மூத்தவன் ஐக்கிய அரபு அமீரக வரிசையில் நிற்பான், இளையவன் இந்திய வரிசையில் நிற்பான். தலைப்பிரசவமா இரண்டாம் பிரசவமா, பாட்டி எங்கே இருந்தாள் என்பதெல்லாம் ஒரு விஞ்ஞானியின் பத்தாண்டுகளைத் தீர்மானிக்கிறது. இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறும்போது, வாழ்க்கைத்துணை பிறந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்தவரைக் கட்டியவர்கள் லாயரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். படிவத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

பிறப்பைக் கேட்பது அமெரிக்காவுக்குப் புதிதும் இல்லை. லூஸ்-செல்லர் சட்டம் வந்த 1946 வரை இந்தியர்கள் குடியுரிமையே கேட்க முடியாது. அந்தச் சட்டமும் மொத்த இந்தியாவுக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கியது. 1937 தொடங்கி யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1953இல்தான் அமெரிக்கர் ஆனார். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா ஒன்று 2019 ஜூலையில் கீழவையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. மேலவை 2020 டிசம்பரில் மாற்றங்களோடு ஒரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகச் சேராமலே அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்துவிட்டது. வரம்பை மட்டும் எடுத்துவிட்டு மொத்த எண்ணைக் கூட்டாவிட்டால் எங்கள் வரிசை நீளும் என்று மற்ற நாட்டு விஞ்ஞானிகள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

அப்புறம் என்னதான் செய்வது?

முதல் கேள்விக்கு வருகிறேன். முந்நூறு சைட்டேஷனும், முறையைப் பயன்படுத்திய இரண்டு மூன்று வெளி ஆய்வகங்களும் இருந்தால் என்ஐடபிள்யூவை இப்போதே போடு என்பேன். இந்திய வரிசை அவ்வளவு நீளம், போட்டு என்ன பயன் என்று கேட்பார்கள். பயன் தேதியில் இருக்கிறது. மனு ஏற்கப்பட்டால், அதைப் போட்ட நாள் உங்கள் பிரையாரிட்டி டேட். இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஆள் வளர்ந்து இபி-1ஏ கிடைத்தால், அந்தப் பழைய தேதியை இபி-1 வரிசைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஐ-140 கையில் இருந்து, வரிசையால் மட்டும் தாமதம் என்றால், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு ஆண்டுக்கு மேலும் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்கு 21 வயது நெருங்குகிறது என்றால் அந்தத் தேதியின் அருமை இன்னும் கூடும்.

நிராகரித்தால் மறுபடி போடலாம், இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை. கூடுதல் சான்று கேட்டு ஆர்எஃப்ஈ வந்தால் பதறாமல், அதில் அதிகாரி எந்த இடத்தில் நம்பவில்லை என்று பாருங்கள். அந்த இடத்துக்கு மட்டும் புதிய சாட்சியைத் தேடுங்கள். ஏற்கெனவே சொன்னதைச் சத்தமாகத் திரும்பச் சொல்வதில் பயன் இல்லை.

"நான் அந்த அளவுக்கு ஆளா" என்ற கேள்வியை உங்கள் துறைக்காரர்களிடம் கேளுங்கள், கருத்தரங்கில் எழுந்து குறுக்குக் கேள்வி போடுகிறவரிடம் கேளுங்கள். யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் கோப்பை மட்டும் கொடுங்கள். அதையும் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள், தேதி ஓடிக்கொண்டிருக்கிறது.